ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு (தமிழ்நாடு)

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு என்பது தமிழ்நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகளின் இளநிலைப் பட்டப்படிப்பு இடங்களை ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசைப் பட்டியல் ஆகியவற்றின் அடிப்படையில் மாணவர்களுக்கு ஒதுக்கும் முறை ஆகும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டிய தேவையை இம்முறை நீக்கியது. 1997 முதல் 2018 வரை இதனை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தி வருகின்றது.

வரலாறு

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு அறிமுகமானது. அக்காலத்தில் பொறியியலுக்கான தகுதி மதிப்பெண் 300க்குக் கணக்கிடப்பட்டது. இதில் 200 மேல்நிலைத் தேர்விலிருந்தும் 100 நுழைவுத் தேர்விலிருந்தும் பெறப்பட்டன. நகர்ப்புறப் பயிற்சி நிலையங்களை அணுக இயலாத ஊரக மாணவர்களுக்கு இத்தேர்வு பாதகமானது என்ற கருத்து வலுத்ததால், 2006ஆம் ஆண்டுத் தொழிற்கல்வி நிறுவனச் சேர்க்கைச் சட்டத்தின் மூலம் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. இச்சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படையில் நடைபெறுகின்றது. பொறியியல் சேர்க்கை தொடர்ந்து மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

2017 வரை கலந்தாய்வு நேரடியாக நடைபெற்றது. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் போன்ற ஊர்களின் மாணவர்கள், 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, பெற்றோருடன் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. காலியிடங்கள் திரையில் காட்டப்படும். தரவரிசைப்படி அழைக்கப்படும் மாணவர் கணினியின் முன் அமர்ந்து, அந்நேரத்தில் எஞ்சியுள்ள இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். முன்னே சென்றவர்கள் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்கத் திரையில் எண்ணிக்கை குறையும். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இணைய வசதி இல்லாதோருக்காக மாவட்டங்களில் சேவை மையங்கள் ஏற்படுத்தப்பட்டன.

தகுதி மதிப்பெண்ணும் தரவரிசையும்

தகுதி மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகின்றது. கணித மதிப்பெண் 100க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் ஒவ்வொன்றும் 50க்குச் சுருக்கப்படும். எடுத்துக்காட்டாக, கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்ற மாணவரின் தகுதி மதிப்பெண் 90 + 40 + 42 = 172 ஆகும்.

வேறு கல்வி வாரியங்களில் பயின்றோரின் மதிப்பெண்கள் சமன் செய்யப்படும். மாநில வாரியத்தின் ஒரு பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் 100 எனவும், மற்றொரு வாரியத்தில் அது 95 எனவும் கொண்டால், அவ்வாரியத்தில் 76 பெற்றவருக்கு 80 எனக் கணக்கிடப்படும்.

பலர் ஒரே தகுதி மதிப்பெண் பெறும்போது கணித மதிப்பெண், பின்னர் இயற்பியல் மதிப்பெண் என ஒப்பிடப்படும். பிறந்த நாள் உள்ளிட்ட ஏனைய அளவுகோல்களிலும் சமநிலை நீடித்தால், முன்னரே வழங்கப்பட்ட சமவாய்ப்பு எண் முடிவு செய்யும்.

இடங்களின் பகிர்வு

அரசுக் கல்லூரிகளின் இடங்கள் முழுவதும் கலந்தாய்வின் கீழ் வருகின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரிகளுள் சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்துபவை 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மையினர் நடத்துபவை 50 விழுக்காடு இடங்களையும் அரசுக்கு அளிக்கின்றன. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு எனப்படும்.

கலந்தாய்வு இடங்கள் பின்வருமாறு பிரிக்கப்படுகின்றன.

பொதுப்பிரிவு: 31 விழுக்காடு
பிற்படுத்தப்பட்டோர்: 26.5 விழுக்காடு
பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள்: 3.5 விழுக்காடு
மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர்: 20 விழுக்காடு
பட்டியல் சாதியினர்: 15 விழுக்காடு
அருந்ததியர்: 3 விழுக்காடு
பட்டியல் பழங்குடியினர்: 1 விழுக்காடு

பொதுப்பிரிவு என்பது இட ஒதுக்கீடு பெறாதவர்களுக்கு மட்டும் உரிய பிரிவு எனச் சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று. அவ்விடங்கள் எல்லா வகுப்பினருக்கும் பொதுவானவை. ஒரு மாணவரின் தரவரிசைக்குப் பொதுப்பிரிவு இடம் கிடைக்குமாயின் முதலில் அதுவே வழங்கப்படும். அது தீர்ந்த பின்னரே அவரது வகுப்பிற்குரிய இடம் பார்க்கப்படும். அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வழங்கப்படுகின்றது.

ஒதுக்கீடு நடைபெறும் விதம்

மாணவர்கள் தரவரிசைப்படி சில சுற்றுகளாகப் பிரிக்கப்படுவர். 2023 முதல் மூன்று சுற்றுகள் நடைபெறுகின்றன. தமது சுற்று வரும்போது மாணவர் கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்வார். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

இங்கு முந்திப் பதிவு செய்தவருக்கு முதலிடம் என்ற விதி கிடையாது. பதிவு முடிந்த பின்னர், கணினி முதல் தரவரிசை மாணவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பத்தை அவருக்கு ஒதுக்கும். பின்னர் அடுத்த தரவரிசைக்குச் செல்லும். ஆகவே கிடைப்பதற்கு அரிய இடத்தை மேலே எழுதுவதால் கீழேயுள்ள விருப்பம் கைநழுவுவதில்லை. தரவரிசையில் பின்னுள்ளவர் அதே இடத்தைத் தம் முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும் அவரால் முந்த இயலாது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டாக, ஒரே வகுப்பைச் சேர்ந்த கயல், முருகன், சாந்தி என்போர் இதே தரவரிசையில் உள்ளனர் எனக் கொள்வோம். க, ச, ட என்ற மூன்று கல்லூரிகளில் தலா ஓரிடம் உள்ளது. மூவரும் ச, க என்ற இரு விருப்பங்களை மட்டுமே இவ்வரிசையில் எழுதுகின்றனர். கயலுக்கு ச, முருகனுக்கு க கிடைக்கும். ட காலியாக இருந்தும் சாந்திக்கு இடம் கிடைக்காது. அவர் ட கல்லூரியை எழுதாததே இதற்குக் காரணம். மிகக் குறைந்த விருப்பங்களைப் பதிவு செய்வதால் நேரும் இழப்பு இதுவாகும்.

உறுதி செய்தலும் மேல்நோக்கிய நகர்வும்

தற்காலிக ஒதுக்கீடு பெற்றவர், இடத்தை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலுள்ள விருப்பத்திற்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டு மேல் விருப்பத்திற்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குச் செல்லலாம், அல்லது விலகலாம்.

முன்னர், ஒதுக்கீடு பெற்றும் சேராதவர்களின் இடங்கள் பெரும்பாலும் அவ்வாண்டு முழுவதும் வீணாகின. 2022இல் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவரப்பட்டது. அதன்படி, ஏற்றுச் சேர்பவர் கல்லூரியிலும், ஏற்றுக் காத்திருப்பவர் சேவை மையத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். தவறினால் இடம் மற்றவருக்குச் செல்லும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் கயல் கட்டணம் செலுத்தவில்லை எனில் ச காலியாகும். முருகன் காத்திருப்பைத் தெரிவு செய்திருந்தால் அவர் ச கல்லூரிக்கு நகர்வார். அவர் விட்ட க, காத்திருக்கும் சாந்திக்குக் கிடைக்கக்கூடும். முருகன் ஏற்றுச் சேர்ந்திருந்தால் அவர் க கல்லூரியிலேயே இருப்பார். ச இடம் அவருக்குப் பின்னுள்ள சாந்திக்குச் செல்லக்கூடும். மேல்நோக்கி நகர்ந்தவர் பழைய இடத்திற்குத் திரும்ப இயலாது. ஆகவே உண்மையில் சேர விரும்பும் வரிசையிலேயே விருப்பங்களை எழுதுவது முக்கியமாகும்.

சுற்றுகள் முடிந்த பின்னர், மேல்நிலைத் துணைத் தேர்வில் தேறியோருக்குத் துணைக் கலந்தாய்வு நடைபெறும்.

ஏனைய சேர்க்கை வழிகள்

பட்டயப் படிப்பு முடித்தோர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பப் பட்டயம் பெறுவோருக்கும் பொறியியல் பட்டத்திற்கான வழி இதுவே. பள்ளிப் படிப்பிலிருந்து நேராக இத்துறைக்கு வர விரும்புவோர், சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் செராமிக் தொழில்நுட்பப் பட்டப்படிப்பைக் கலந்தாய்வில் தெரிவு செய்யலாம்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இம்முறையின் கீழ் வருவதில்லை. விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம் இருப்பினும், தரவரிசையும் கலந்தாய்வும் கல்லூரிதோறும் தனித்தனியே நடைபெறுகின்றன. எனவே பல கல்லூரிகளைத் தெரிவு செய்த மாணவர், ஒவ்வொன்றின் கலந்தாய்வு நாளையும் தனியே கவனிக்க வேண்டும்.

கட்டணச் சலுகை

குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் மாணவருக்கு 2010-11 கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணச் சலுகை வழங்கப்படுகின்றது. கலந்தாய்வு வழியாகச் சேர்வோரே இதனைப் பெற இயலும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இது பொருந்தாது. அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவில் சேரும் இருவருக்கு ஆகும் செலவு பெரிதும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

அண்ணா பல்கலைக்கழகம்
தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், தமிழ்நாடு
தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு
விருத்தாசலம்