உளவியலாளரின் மருந்து எழுதும் உரிமை

மருத்துவப் பட்டம் பெறாத உளவியலாளர், கூடுதல் பயிற்சிக்குப்பின் மனநோய் மருந்துகளை எழுதித்தர அமெரிக்காவின் சில மாநிலங்கள் வழங்கும் சட்ட அதிகாரம். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 1991இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் 10 உளவியலாளர் பயிற்சி முடித்தனர். மாநிலங்களில் நியூ மெக்சிகோ 2002இலும் லூசியானா 2004இலும் சட்டம் இயற்றின. இல்லினாய், அயோவா, ஐடஹோ முதலியவை பின்தொடர்ந்தன. மனநல மருத்துவர் கிடைக்காத ஊர்ப்புறங்களை ஆதரவாளர் சுட்டுவர். எதிர்ப்போர் முன்வைப்பது நோயாளியின் பாதுகாப்பு: எடுத்துக்காட்டாக, மனநோய் மருந்தான லித்தியம் உட்கொள்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும், இபுபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகூட லித்திய அளவை நச்சுநிலைக்கு உயர்த்தலாம். மருந்தெழுதும் வேலை பேச்சுவழிச் சிகிச்சைக்குரிய நேரத்தைக் குறைத்துவிடும் என்னும் கவலை உளவியலாளரிடையேயும் உண்டு. தொழிலின் அடிப்படையையே தொடுவதால் இக்கவலை கூடுதல் கனமுடையது. எனினும், மருந்தை எழுதுவது மட்டுமன்றி அதை நிறுத்தும் அதிகாரமும் இவ்வுரிமையில் அடங்கும்.