அமெரிக்காவில் கிறிஸ்தவ வீட்டுக்கல்வி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், வேதாகம நம்பிக்கையை அடித்தளமாக வைத்துப் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் முறை கிறிஸ்தவ வீட்டுக்கல்வி. இது இயக்கமாகவே வளர்ந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் மதிப்பீட்டில், 1999-இல் வீட்டில் படித்த பிள்ளைகள் சுமார் 8.5 லட்சம், 2012-இல் சுமார் 18 லட்சம். அவர்கள் எல்லாருமே கிறிஸ்தவக் குடும்பத்தினர் அல்லர். ஆனால் 2012-இல் பெற்றோரில் 64 விழுக்காட்டினர், சமயக் கல்வி தர விரும்பியதையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

தொடக்கத்தில் இரண்டு ஓடைகள் இருந்தன. பள்ளிகளின் இறுக்கத்தால் மனம் வெறுத்த ஆசிரியர் ஜான் ஹோல்ட், 1977-இல் வீட்டுக்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். அவருடைய அக்கறை சமயம் சார்ந்ததன்று. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியரோ, சின்னஞ்சிறு பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் தள்ளாதீர்கள் என்று 1975-இல் வெளிவந்த தங்கள் நூலில் வாதிட்டார்கள். ஜேம்ஸ் டாப்சனின் கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சியில் ரேமண்ட் மூர் பேசியபின் அந்தக் கருத்து நாடெங்கும் உள்ள சுவிசேஷ சபைக் குடும்பங்களை எட்டியது. அரசுப் பள்ளிகள் ஜெபமும் வேத வாசிப்பும் நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று 1962, 1963 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து அந்தக் குடும்பங்களில் பல, மாற்று வழி தேடிக்கொண்டிருந்தன.

சட்டம் உடனே வழிவிடவில்லை. ஆசிரியர் சான்றிதழ் இல்லாமல் கற்பித்த பெற்றோர்மீது பல மாநிலங்களில் வழக்குகள் பாய்ந்தன. பள்ளி நேரத்தில் பிள்ளைகளைத் தெருவில் விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. 1983-இல் மைக்கேல் ஃபாரிஸும் மைக்கேல் ஸ்மித்தும் தொடங்கிய வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் இந்த வழக்குகளை எடுத்து நடத்தியது. சமய நம்பிக்கையின் பேரில் கற்பிக்கும் பெற்றோரிடம் ஆசிரியர் சான்றிதழ் கேட்க முடியாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியது. அதற்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டப்படி இடம் கிடைத்திருந்தது. மறு ஆண்டே, ஆசிரியர் சான்றிதழ் பற்றிய ஒரு மசோதா வாசகம் தங்களையும் பாதிக்கும் என்று அஞ்சிய பெற்றோர் நாடாளுமன்றத் தொலைபேசிகளை ஓயவிடவில்லை. பிரதிநிதிகள் சபை 424-க்கு 1 என்ற வாக்கில் அந்த வாசகத்தைத் தூக்கியெறிந்தது.

இந்த வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போகும்? பெரும்பாலும் காலை உணவை ஒட்டிய குடும்ப ஜெபத்தோடு தொடங்கும். நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரமாக மாதந்தோறும் அதை வாசித்து முடிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ஒரு ஞானப்பாட்டு, ஒரு மனப்பாட வசனம், பிறகு பாடம். சமையலறை மேசையே பல வீடுகளில் வகுப்பறை. கணக்கு மட்டும் அவரவர் நிலைக்கேற்ப நடக்கும். வேதாகமம், வரலாறு, அறிவியல் போன்றவற்றை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதுண்டு. அம்மா சத்தமாக வாசிக்கும்போது ஆறு வயதுப் பிள்ளை படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே கேட்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை குறிப்பெடுக்கும். கைக்குழந்தை அழுதால் மூத்தவள் தம்பிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுப்பாள். சிறியவர்களுக்குப் பாடம் மதியத்துக்குள் முடிந்துவிடும். பிற்பகல் வீட்டு வேலைகளுக்கும் பியானோவுக்கும் நூலகத்துக்கும் உரியது. துணி மடிப்பதும் ரொட்டி சுடுவதும் கல்விக்கு வெளியே நிற்கும் வேலைகள் என்று இவர்கள் கருதுவதில்லை. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரமே இவர்களுடைய பாடத்திட்டத்தின் வேர்.

எதை வைத்துக் கற்பிப்பது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு அதிகம். பாடநூலும் தேர்வுமாகப் பள்ளியையே வீட்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து வரும் அபேகா நூல்களையோ, தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்புகளையோ வாங்குகிறார்கள். கதைப்புத்தகங்கள் வழியே வரலாறு கற்பிக்க விரும்புவோர் சன்லைட் நிறுவனத்தின் பாடநூல் பெட்டிகளை வரவழைக்கிறார்கள். லத்தீனும் தர்க்கமும் வேண்டும் என்பவர்கள், 1997-இல் லீ போர்டின்ஸ் தொடங்கிய கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் குழுக்களில் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள்.

இவற்றுள் மனத்தைக் கவர்வது சார்லட் மேசனின் வழி. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த இந்த ஆங்கிலேயக் கல்வியாளர், பிள்ளை பிறக்கும்போதே முழு மனிதப் பிறவி என்று நம்பினார். பாடம் குறுகியதாக இருக்க வேண்டும். நல்ல எழுத்தாளரின் நூலை ஒருமுறை வாசித்ததும் பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே போய்ப் பார்த்த செடியையும் பறவையையும் ஏட்டில் வரைய வேண்டும். மறக்கப்பட்டிருந்த அவரை 1984-இல் சூசன் ஷேஃபர் மெக்காலே ஒரு சிறு நூலால் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தினார். கேள்வித்தாளே இல்லாமல், பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதை அன்றன்றைக்கே காட்டிவிடும் இந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை எந்தப் பள்ளியும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியலில்தான் பெரிய சிக்கல். ஆதியாகமத்தின் ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து ஏற்று, பரிணாமத்தை மறுக்கும் பாடநூல்களே இந்தச் சந்தையில் நெடுங்காலம் கோலோச்சின. நம்பிக்கையைக் கற்பிப்பது பெற்றோரின் உரிமை. ஆனால் உலகம் முழுவதும் உயிரியலுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கும் ஒரு கோட்பாட்டை எதிராளியின் வாதமாக மட்டுமே அறிந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவருக்கு அது இழப்பே.

பெரும்பாலான குடும்பங்களில் கற்பிப்பவர் தாய்தான். குடும்பம் ஒருவர் சம்பளத்தில் ஓடும். ஆசிரியை, சமையல்காரர், கணக்குப்பிள்ளை எல்லாம் ஒருவரே. இந்தச் சுமையைப் பகிர உருவானவை கூட்டுறவுக் குழுக்கள். வாரத்தில் ஒரு நாள் சபைக் கட்டடத்தில் பல குடும்பங்கள் கூடும். தாதியாக வேலை பார்த்த தாய் உயிரியல் நடத்துவார், இசை தெரிந்தவர் பாடகர் குழுவைப் பழக்குவார். வீட்டில் வளரும் பிள்ளைக்கு நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள் என்று எல்லாரும் கேட்கும் கேள்விக்கு இந்தக் குழுக்களையும் ஓய்வுநாள் பள்ளியையும் விவாதப் போட்டிகளையும் காட்டுகிறார்கள். வீட்டில் படித்தபடியே உள்ளூர்ப் பள்ளி அணிகளில் ஆட ஃபுளோரிடா சட்டம் அனுமதிக்கிறது. மிஷனரிப் பெற்றோரின் மகனான டிம் டீபோ அப்படி ஆடி வளர்ந்து, 2007-இல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றார்.

எல்லா வீடுகளும் இப்படி ஒளியோடு இருந்ததில்லை. பில் கோதார்ட் என்ற கிறிஸ்தவப் போதகரின் போதனைகளைப் பின்பற்றிய குடும்பங்களில் கீழ்ப்படிதலே கல்வியின் மையமாயிற்று. பெண் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்ட வீடுகளும் இருந்தன. பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே கோதார்ட் 2014-இல் தம் அமைப்பின் பதவியிலிருந்து விலகினார். அதற்கு முந்தைய ஆண்டில், வீட்டிலேயே படித்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து பொறுப்பான வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுக்கல்வியை அவர்கள் ஒழிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள். உள்ளிருந்து வந்த குரல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் விதிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. டெக்சாஸில், முதலிலிருந்தே வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதே இல்லை. நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பென்சில்வேனியாவில் ஆண்டு முழுவதும் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்து வைக்க வேண்டும். பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் தொகுப்பைப் பார்த்து, பிள்ளையிடமும் பேசி, சான்று எழுதித் தருவார்.

2020-இல் கோவிட் பள்ளிகளை மூடியபோது, வீட்டுக்கல்விக் குடும்பங்களின் பங்கு வசந்தத்தில் 5.4 விழுக்காடாக இருந்து இலையுதிர் காலத்தில் 11.1 ஆனதாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை தெரிவித்தது. கறுப்பினக் குடும்பங்களில் அது 3.3-லிருந்து 16.1-ஆக உயர்ந்தது. இவ்வளவு பேர் நுழைந்துவிட்ட ஒரு முறையைப் பெற்றோரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியாள் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் பென்சில்வேனியாவின் ஏற்பாடு எல்லா மாநிலங்களுக்கும் வர வேண்டும்.