உல்லாசக் கப்பல் பயணம்: பணம் கட்டுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

"மூன்று இரவு, சாப்பாடும் தங்குமிடமும் உட்பட" என்று தொடங்கும் உல்லாசக் கப்பல் விளம்பரங்கள் பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழுக்களில் பெருகிவிடுகின்றன. சீட்டுப் பணம் எடுத்தோ, போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்தோ, காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்த பெற்றோரை ஒருமுறையாவது கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால், விளம்பரத்தில் உள்ள தொகை கப்பலின் வாசற்படி வரைக்குமானது. உள்ளே இன்னும் எவ்வளவு ஆகும், யாரை ஏற்ற மாட்டார்கள், கரையில் இறங்கினால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மனம் நொந்து திரும்புகிறார்கள்.

நம்மவர்களுக்குக் கப்பல் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா', 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு ஆட்களை ஏற்றி வந்தது. அதன் பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது, 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் பலியானதோடு அந்தச் சேவையும் முடிந்தது. அந்தக் கப்பல்களுக்கு ஊர் கொண்டு சேர்ப்பது வேலை. இன்றைய உல்லாசக் கப்பல் ஒரு மிதக்கும் விடுதி. பயணச்சீட்டு விற்ற பணத்தோடு, ஏறிய பிறகு பயணி செய்யும் செலவும் அதன் வருமானத்தில் கணிசமான பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும்.

இந்த வட்டாரத்தில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து, குறிப்பாக 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்திலிருந்து, புறப்படுகின்றன. கிள்ளான் துறைமுகம், பினாங்கு, பூக்கெட் ஆகியவை வழக்கமான நிறுத்தங்கள்.

விளம்பரத் தொகையும் உண்மைத் தொகையும்

கட்டணம் "ஒருவருக்கு" என்று போட்டிருக்கும். அது ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகச் செல்பவர் ஏறக்குறைய இருவருக்கான தொகையைக் கட்ட நேரிடும். அம்மாவையும் அதே அறையில் மூன்றாவது ஆளாகச் சேர்த்தால் மலிவு என்று முகவர் சொல்வார். உண்மைதான். ஆனால், பல கப்பல்களில் மூன்றாவது, நான்காவது படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படும் மேல்படுக்கைகள். ஏணியில் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவால் முடியுமா என்பதைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்வது நல்லது. மலிவான உள்ளறைகளுக்குச் சன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் நள்ளிரவுதான்.

அடுத்தது துறைமுகக் கட்டணமும் வரியும். சில விளம்பரங்களில் இவை சேர்க்கப்பட்டிருக்கும், சிலவற்றில் சிறிய எழுத்தில் தனியாக இருக்கும். அதற்கும் மேல் சேவைக் கட்டணம், அதாவது பணியாளர்களுக்கான டிப்ஸ். இது விருப்பப்பட்டுக் கொடுப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் இது ஒருவருக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இருக்கிறது. 18 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் நால்வர் குடும்பத்துக்கு மூன்று இரவுக்கு 216 டாலர். நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து எண்ணூறு, தொள்ளாயிரம் ரிங்கிட் ஆகும். பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தானா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சாப்பாடு உட்பட" என்றால் பொது உணவகமும் பஃபேயும் மட்டுமே. குளிர்பானம், மதுபானம், நல்ல காப்பி, சிறப்பு உணவகம், இணையம், பிள்ளைகளின் விளையாட்டு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. பான விலையில் 18 விழுக்காடு சேவைக் கட்டணத்தைச் சேர்க்கும் கப்பல்களும் உண்டு. ரொக்கம் புழங்காது, அறைச் சாவியாகக் கொடுக்கப்படும் அட்டையையே எல்லா இடத்திலும் நீட்ட வேண்டும். காசு கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அந்த அட்டையின் வசதியும் ஆபத்தும்.

கப்பல் கணக்குக்குப் பற்று அட்டையைக் கொடுப்பவர்கள் இன்னொரு சங்கடத்தைச் சந்திக்கிறார்கள். செலவு செய்வதற்கு முன்பே ஒரு தொகை வங்கியில் பிடித்து வைக்கப்படும்; பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாள்கள் ஆகலாம். மாதக் கடைசியில் வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் வைத்திருந்த பணம் அப்படி மாட்டிக்கொண்டால் சிரமம். கடன்பற்று அட்டை இல்லாதவர்கள் முகப்பில் ரொக்க முன்பணம் கட்டும் வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

கைப்பேசியைக் கப்பல் ஏறியதும் 'விமான முறை'க்கு மாற்றிவிட வேண்டும். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வழித் தொடர்பை அது தானாகப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான வெளிநாட்டு ரோமிங் திட்டங்கள் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. வீடு திரும்பிய பிறகுதான் பில் வந்து நிற்கும்.

துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பெயர் விஷயம் தெரிவதில்லை. கடப்பிதழில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று தகப்பனார் பெயரோடு நீளும் நம் பெயர்களை இணையப் படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று உடைக்கச் சொல்லும். முகவர் ஒரு விதமாகவும் பயணி இன்னொரு விதமாகவும் நிரப்பினால் முகப்பில் தகராறு. கடப்பிதழின் படத்தையே முகவருக்கு அனுப்பி, பதிவுச் சீட்டு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. வேறு நாட்டுக் கடப்பிதழும் இல்லாதவர்கள் குடிநுழைவுத் துறையிடம் அடையாளச் சான்றிதழ் எனும் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா, கப்பல் நிறுவனம் அதை ஏற்குமா என்பதை எழுத்து வடிவில் கேட்டு வாங்காமல் பணம் கட்டக்கூடாது. கரையில் இறங்கப் போவதில்லை என்ற சமாதானம் எடுபடாது. வழியிலுள்ள நாடுகளின் விசா இல்லையென்றால் ஏற்றவே மறுக்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் மருமகன், மருமகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கர்ப்பிணிகளுக்கு, பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரும்பாலான கப்பல்களில் அனுமதியில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. தாத்தா பாட்டியோடு மட்டும் செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான மின்னியல் வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையத்தளங்கள் அதிகாரபூர்வமானவை அல்ல.

ஈப்போவிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ இரவுப் பேருந்தில் கிளம்பி மறுநாள் மதியம் சிங்கப்பூரில் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஜோகூர் பாலத்தை மறந்துவிடுகிறார்கள். நீண்ட வாரயிறுதியில் அங்கே எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பல் புறப்படுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பதிவு முகப்பு மூடப்படும். முந்தைய நாளே வந்து ஜோகூரிலோ சிங்கப்பூரிலோ தங்குவது கூடுதல் செலவுதான், ஆனால் முழுத் தொகையையும் இழப்பதைவிடக் குறைவு.

ஒரு மணி நேரக் குழப்பம்

பூக்கெட் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். தாய்லாந்து நேரம் மலேசிய, சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் பெரும்பாலும் தன் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கும். கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். மாலை 5 மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அறிவித்திருந்தால், கைப்பேசியில் 4 மணி காட்டும்போதே கப்பலில் 5 ஆகியிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர், படகுத்துறைக்கு வரும்போது கப்பலின் பின்புறத்தைத்தான் பார்ப்பார். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதை மாற்றாமல் இருப்பதே எளிய வழி.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு உண்டு. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ தோமேயில் தனியார் சுற்றுலாவுக்குச் சென்ற எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தார்கள். கடலோரக் காவல் படையின் படகில் கப்பலுக்கு அருகிலேயே கொண்டுபோய் விடப்பட்டும் அவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். கப்பல் வழியாகவே பதிவு செய்யும் சுற்றுலாக்களின் விலை அதிகம்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கும். வெளியில் மலிவாக வேன் பிடிப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா இடத்திலும் கப்பல் நேராகக் கரையைத் தொடுவதில்லை. பூக்கெட்டின் பாத்தோங் கடற்கரைப் பக்கம் நிற்கும் கப்பல்களிலிருந்து சிறு படகில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அலை அடிக்கும்போது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது இயலாமல் போகலாம். வானிலை மோசமானால் அந்த நிறுத்தமே ரத்தாகும். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் அதற்கான உரிமையை நிறுவனம் வைத்திருக்கும். திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே.

எந்த மாதம் போவது என்பதும் முக்கியம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். மே முதல் அக்டோபர் வரை பூக்கெட் பக்கம் அந்தமான் கடலின் முறை. இடையிலுள்ள மலாக்கா நீரிணையைச் சுமத்ரா மறைத்து நிற்பதால் அது ஓரளவு அமைதியானது. தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை உகந்தது.

சாப்பாடும் உடம்பும்

இந்தியப் பயணிகள் அதிகம் வருவதால் இங்கிருந்து புறப்படும் கப்பல்களில் இந்திய உணவு கிடைக்கிறது. சைவர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். காய்கறிப் பிரட்டலில் சிப்பிச் சாறோ மீன் சாறோ கலந்திருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் சமைத்த சோறு, குழம்பை உள்ளே விட மாட்டார்கள். முத்திரை பிரிக்காத முறுக்குப் பொட்டலம் போன்றவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். சோறு வேக வைக்கும் குக்கர், கெத்தல், இஸ்திரிப் பெட்டி ஆகியவை தீ ஆபத்து என்பதால் பறிமுதலாகும்.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். கப்பல் மருத்துவமனையில் மருத்துவர் உண்டு, கட்டணமும் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு வசதி இல்லை. அவசர மருத்துவ இடமாற்றத்துக்கும் பொருந்தும் பயணக் காப்புறுதி இல்லாமல் முதியவர்களை அழைத்துப் போவது பெரிய துணிச்சல். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ கிருமி கப்பல்களில் வேகமாகப் பரவக்கூடியது. கைத்தூய்மி அதற்கு அவ்வளவாகப் பயன்படாது. சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

புறப்படுமுன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தொல்லையாக நினைப்பவர்கள் அதிகம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கொன்கோர்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது.

புகார் செய்ய வேண்டி வந்தால்

மலேசியாவில் பயண முகவர்கள் சுற்றுலா, கலை, கலாச்சார அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டுச் சரிபார்க்காமல் தனியார் வங்கிக் கணக்கில் பணம் போடுவது ஆபத்து, கேட்பவர் உறவினராகவே இருந்தாலும். ஏமாற்றப்பட்டவர்கள் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே, 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். சிங்கப்பூரில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. இரண்டு இடத்திலும் ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல்கள்தான் சாட்சி, அவற்றை அழித்துவிடக்கூடாது.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் சேர்த்துப் பெட்டியில் கட்டிவிட்டு, இரவு உடையோடு சிங்கப்பூரில் இறங்கியவர்கள் உண்டு. அன்றிரவே முகப்பில் கணக்கு விவரத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்துவிட வேண்டும். குடிக்காத பானம், எடுக்காத புகைப்படம் ஏதாவது ஏறியிருந்தால் அப்போதே சொல்லலாம். காலையில் அந்த முகப்பில் வரிசை நீளமாக இருக்கும்.