குருதிக்கொடையும் முதல்நாள் அச்சமும்

வெடியும் தீக்குச்சியும் செய்து வாழும் சிவகாசி வட்டாரத்தில் விபத்து என்பது புதிய சொல்லன்று. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை எங்கள் பகுதி மக்கள் மறந்திலர். தீப்புண்ணும் காயமும் பட்டோரைக் காக்க மருந்து மட்டும் போதாது. பல வேளைகளில் பிறர் குருதியும் வேண்டும். எத்தொழிற்சாலையிலும் செய்ய இயலாத பொருள் அது. ஆதலின், மாணவச் செல்வங்களே, குருதிக்கொடையின் வரலாற்றையும், முதன்முறை கொடுப்போர்க்கு உண்டாகும் அச்சத்தையும் இன்று சிறிது ஆராய்வோம்.

ஒருவர் குருதியை மற்றொருவர்க்குச் செலுத்தும் முயற்சி பழையதே. சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர், காரணம் விளங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதியில் வகைகள் உண்டென வெளியிட்டார். 1914ஆம் ஆண்டில், சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்துக் குருதியை உறையாது காக்கும் முறை மருத்துவத்தில் புகுந்தது. 1921ஆம் ஆண்டில் இலண்டனில் பெர்சி ஆலிவர் என்பார், விலை பெறாது குருதி வழங்கும் தொண்டைத் தொடங்கினார்.

நம் நாட்டிலோ குருதியை விற்போர் நெடுங்காலம் இருந்தனர். வறுமையால் அடிக்கடி விற்றவரின் உடல் நலிந்தது; பெற்றவர்க்கு நோய் தொற்றும் இடரும் மிகுந்தது. 1996ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பயனாக, 1998 சனவரி முதல் இவ்விற்பனை தடை செய்யப்பட்டது. விற்றவர் விலகிய இடத்தை நிரப்ப வேண்டியவர் யாவர்? மனமுவந்து வரும் இளைஞரே. அவர்கள் முதல்நாளே அஞ்சி விலகினால் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், சடுகுடு ஆட்டத்தில் வல்லவனான என் தோழன் ஒருவன் குருதி கொடுத்து எழுந்ததும் மயங்கி வீழ்ந்தான். நாங்கள் நகைத்தோம். அவன் பின்னர் எந்த முகாமிற்கும் வரவில்லை. ஊசி செய்யாத தீங்கை எங்கள் நகைப்புச் செய்தது.

அம்மயக்கம் கோழைமையன்று. அச்சத்தாலோ குருதியைக் காண்பதாலோ வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பட, இதயத்துடிப்புத் தளர்கிறது, குருதிக்குழாய்கள் விரிகின்றன, மூளைக்குச் செல்லும் குருதி சிறிது நேரம் குறைகிறது. எடுக்கப்படுவதோ 350 அல்லது 450 மில்லிலிட்டரே.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியன. முன்னிரவு நன்கு உறங்குங்கள். உணவு உண்டு, அரை லிட்டர் நீர் பருகிச் செல்லுங்கள். ஊசியை நோக்காது அருகிலிருப்பவரோடு உரையாடுங்கள். கால், வயிறு ஆகியவற்றின் தசைகளைப் பதினைந்து வினாடியளவு இறுக்கித் தளர்த்துங்கள். ஊசியேற்ற கை மட்டும் அசையாதிருக்கட்டும். சுவீடன் நாட்டு உளவியலறிஞர்கள் 1980களில் ஆராய்ந்து கண்ட முறை இது. வியர்த்துக் கண் இருண்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளியும். கொடுத்தபின் கால்மணி நேரம் அமர்ந்து பானம் பருகிய பின்னரே எழுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதோர் குருதி கொடுத்தலாகாது; ஆயினும் துணை நிற்கலாம். மயங்கும் தோழனைக் கண்டு நகையாதீர்கள். அவன் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அவன் மீண்டும் வருவான். அவ்வரவால், அவன் முகமறியாத ஓர் உயிர் பிழைக்கும்.