தோட்ட மருத்துவத்தின் நான்காமவர்

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்தெண்ணினார். அந்த நான்காமவர் எத்துணை இன்றியமையாதவர் என்பதை மலாயாத் தோட்டங்களின் வரலாறு நன்கு உணர்த்தும்.

ஜொகூர் மாநிலத்தில், லாபிசை அடுத்துள்ள சாஆ வட்டாரம் தோட்டங்கள் சூழ்ந்தது. 1909இல் ஜெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை நிறைவுற்றபின் ஜொகூரின் உட்பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மலாயாவில் காடழித்துத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரை மலேரியாக் காய்ச்சல் பெருவாரியாக மாய்த்தது. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதற்கு வழிகாட்டும் சான்றை 1897இல் ரொனால்டு ராஸ் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார்.

ஆயினும், குளிரில் நடுங்கிக் கிடந்த தொழிலாளி கசக்கும் கொய்னாவை ஏன் உண்ண வேண்டும் என்பதை அவன் மொழியில் எடுத்துரைப்பவர் யார்? ஆங்கில மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொறுப்பாளர். இடையிடையே வந்து செல்பவர். நாள்தோறும் உடனிருந்தவர் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரே. யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இப்பணியில் மிகுதியாக இருந்தனர். நோயாளியின் சொல்லை மருத்துவருக்கும், மருத்துவரின் ஆணையை நோயாளிக்கும் அவர்கள் கொண்டு சேர்த்தனர்.

எனினும் இப்பாலத்தில் ஒரு விரிசலும் இருந்தது. டிரெஸ்ஸருக்கு ஊதியம் அளித்தது தோட்ட நிருவாகம். பெரட்டுக்கு வராதவன் நோயாளியா, சோம்பேறியா என்று தீர்ப்பதும் அவர் கையில் இருந்தது. நோயைச் சொல்ல வந்தவன் தன் நேர்மையையும் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மொழி ஒன்றாயினும் நம்பிக்கை குறைந்தால் சொல் பயன்படுவதில்லை. பின்னர், 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இப்பணியை முறைப்படுத்தியது.

இதற்கு நெடுங்காலம் முன்பே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மக்கள் மொழி அறியாத மருத்துவம் மக்களைச் சென்றடையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்று தோட்டங்களை விட்டுப் பலர் நகரங்களில் குடியேறி, அரசாங்கச் சுகாதார மருந்தகங்களை நாடுகின்றனர். அங்கே பாட்டியின் நோயை மலாயில் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையே. எங்கே வலி, எப்போது தொடங்கியது, எம்மருந்தை எத்தனை வேளை உண்டார் என்பவற்றைப் பிழையின்றிக் கேட்டறியவும் எடுத்துரைக்கவும் மாணவரைப் பழக்குவது மொழியாசிரியர் கடமையாகும். நான்காமவரின் இடம் இப்போது அம்மாணவருடையது.