பிரம்பு எட்டாத தூரம்



நம் பிள்ளைகளில் ஒருவர் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, நாய்களைப் பழக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறார். "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். எந்தத் தொழிலையும் எடைபோடும் முன் அது வந்த வழியைப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். படித்துத் தெரிந்துகொண்டதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரரும் ஆட்டிடையரும் தங்கள் நாயைத் தாங்களே பழக்கிக்கொண்டார்கள். அது மிகப் பழைய வித்தை. ஆனால் அடுத்தவர் நாயைப் பழக்கிக் கொடுத்துக் கூலி வாங்கும் தொழில் பரவலானது ஏறக்குறைய கடந்த 125 ஆண்டுகளில்தான். 1899-இல் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரக் காவல்துறை, இரவு ரோந்துக்கு நாய்களை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்ற காவல் அதிகாரி 1906-இல் போலீஸ் நாய்களைப் பழக்க ஆரம்பித்து, 1910-இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். நாய்க்கு நியாய அநியாயம் தெரியாது, தான் செய்ததற்குக் கிடைத்த விளைவு இனிமையா கசப்பா என்பதுதான் தெரியும் என்பது அவர் கருத்து. பாராட்டும் உண்டு, கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுப்பதும் உண்டு. அன்று சம்பளம் கொடுத்தது அரசாங்கம்.

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தக் கால ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே நம்பிக்கைதான். அதை முதலில் அசைத்துப் பார்த்தது, விந்தையாக, ஒரு யுத்தம்.

முதல் உலகப் போரில் குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும். செய்தி கொண்டு ஓடும் சிப்பாய்கள் வழியிலேயே மடிவார்கள். அந்த வேலைக்கு நாய்களைப் பழக்க, எட்வின் ரிச்சர்ட்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் 1917-இல் இங்கிலாந்தின் ஷூபரினெஸில் போர் நாய்ப் பள்ளி திறந்தார்கள். லண்டனின் பேட்டர்சி காப்பகத்திலிருந்த கேட்பாரற்ற நாய்களும் அங்கே சேர்க்கப்பட்டன. ஏற்பாடு இதுதான்: நாயை வளர்த்த காவலர் பின்னால் முகாமில் இருப்பார். வேறு சிப்பாய் நாயை முன்னணிப் பதுங்குகுழிக்கு அழைத்துப் போவார். அங்கே செய்தியைக் கழுத்தில் கட்டி அவிழ்த்துவிட்டால், குண்டுச் சத்தத்துக்கு நடுவே அது தன் காவலரிடம் தனியாக ஓடி வர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வழியில் அதை அடிக்கவோ அதட்டவோ ஆள் இல்லை. அடித்த ஆளிடம் எந்த நாய் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி ஓடும்? அன்பும் உணவும் காத்திருக்கிறது என்று நம்பும் நாய்தான் ஓடும். அதனால் ரிச்சர்ட்சன் அச்சமூட்டும் முறையை ஒதுக்கினார். விலங்குகளோடு பழகிய இடையர்களையும் வேட்டைக்காட்டுக் காவலர்களையும் தேடித் தேடி வேலைக்கு எடுத்தார். பிரம்பு எட்டாத தூரத்தில் செய்யும் வேலைக்குப் பிரம்பால் பழக்க முடியாது. இந்தத் தொழிலின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு உண்மையைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்த கதைதான்.

அதே போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. அத்தகைய பள்ளி ஒன்றைப் பற்றி டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-இல் கட்டுரை எழுதினார். அதை வாசிக்கக் கேட்ட பார்வையற்ற இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், சுவிட்சர்லாந்திலிருந்த யூஸ்டிஸின் பண்ணைக்கே போய், பயிற்சி பெற்ற பட்டி என்ற நாயோடு 1928-இல் நியூயார்க்கில் இறங்கி, பத்திரிகையாளர்கள் பார்க்கப் பரபரப்பான சாலையைக் கடந்தார். 1929-இல் 'தி சீயிங் ஐ' என்ற பள்ளி பிறந்தது.

வழிகாட்டி நாய்க்குக் கீழ்ப்படிதல் மட்டும் போதாது. "போ" என்று எஜமானர் சொன்னாலும் கார் வந்தால் அது நிற்க வேண்டும். அதாவது மறுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். மீறினால் அடி விழும் என்று நடுங்கும் நாய், எஜமானரையும் சேர்த்துக் காரின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடும்! இங்கே பயிற்சியாளர் நாயைப் பழக்கியதோடு வேலை முடிவதில்லை. நாயோடு நடக்கப் போகும் மனிதருக்கும் வாரக்கணக்கில் பாடம் நடத்த வேண்டும்.

வீட்டு நாய்களுக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவர்களில் பிளாஞ்ச் சாண்டர்ஸ் முக்கியமானவர். நாய்ப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பெண். 1937-இல் தம் முதலாளி ஹெலன் வாக்கருடன் வண்டியில் வீடு கட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றி, நாய்ப் பயிற்சியைச் செய்து காட்டினார். 1946-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'உங்கள் நாயைப் பழக்க உங்களைப் பழக்குதல்'. இந்தத் தொழிலின் ரகசியம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. கற்பது நாய், ஆனால் கட்டணம் கட்டும் மாணவர் அதன் சொந்தக்காரர்.

வருமானம் எப்போதும் நிச்சயமாக இருந்ததா? இல்லை. ஹாலிவுட்டில் ரட் வெதர்வாக்ஸ் என்பவரிடம், ஓயாமல் குரைக்கிறது, மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறது என்று ஒரு கோலி நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். குரைப்பதை நிறுத்தினார், துரத்துவதை நிறுத்த முடியவில்லை. வர வேண்டிய கூலிக்குப் பதிலாக நாயே அவரிடம் தங்கிவிட்டது. கூலி 10 டாலர் என்பார்கள். பால் என்ற அந்த நாய்தான் 1943-இல் 'லேசி' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றது. படப்பிடிப்பிலும் அதே விதிதான்: கேமரா ஓடும்போது பயிற்சியாளர் நாயைத் தொட முடியாது, தள்ளி நின்று சைகைதான் காட்ட முடியும்.

அடுத்த பெரிய பாடம் கடலிலிருந்து வந்தது. 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினுக்குச் சங்கிலி கட்ட முடியாது, பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த நொடியில் விசில், உடனே மீன். அவ்வளவுதான் முறை. அதை நாய்களுக்கும் மனிதர்களுக்கும் பொருத்தி 1984-இல் அவர் எழுதிய நூலும், பிறகு விசிலுக்குப் பதில் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கரும் பயிற்சியாளர்களிடையே பரவின.

நம் நாட்டுக்கு வருவோம். குவாலியருக்கு அருகே டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் 1970 முதல் இயங்குகிறது. மீரட்டில் ராணுவத்தின் மையம் இருக்கிறது. அங்கெல்லாம் மோப்ப நாயும் அதைக் கையாளும் வீரரும் ஜோடியாகவே பயில்கிறார்கள்.

தனியார் பயிற்சிக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். "நாயை விட்டுவிட்டுப் போங்கள், பதினைந்தே நாளில் பழக்கித் தருகிறேன்" என்பவரும் உண்டு. பூட்டிய கதவுக்குப் பின் அடி வாங்கிய நாய் அங்கே அடங்கும், வீட்டுக்கு வந்தால் பழைய குணம், சில சமயம் கூடவே கடிக்கும் குணம். விலங்கை அடித்துத் துன்புறுத்துவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். எனவே நாய் வளர்ப்போர் கட்டணம் கேட்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கண் முன்னால் பழக்குவீர்களா? எனக்கும் கற்றுத் தருவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்பவர் பிழைத்துக்கொள்வார். பிழைக்கவும் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டுக் காலமெல்லாம் கரும்பலகை முன் நின்றவன் நான். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-இல்தான் சொன்னது. செய்தி கொண்டு ஓடிய நாய்கள் அதை 1917-லேயே சொல்லிவிட்டன. வாத்தியார் பார்க்காத இடத்தில் பிள்ளை என்ன செய்கிறதோ, அதுதான் வாத்தியார் கற்றுக்கொடுத்தது. நாய்க்கானாலும் பிள்ளைக்கானாலும் இந்தக் கலையை ஒழுங்காகச் செய்து சம்பாதிக்கிற காசு கௌரவமான காசு.

 உங்கள் வீட்டு நாய் யாரிடம், எப்படிப் பழகியது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.