கேப்ரியலின் ‘பஷன்’ இசைத்தட்டும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலினும்

1989 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி இவ்வாரம் எழுத விழைகின்றோம். ‘பஷன்’ என்பது அதன் பெயர். ஆங்கில றொக் பாடகர் பீற்றர் கேப்ரியல் ஒரு திரைப்படத்திற்காக அமைத்த இசை அது. எம்முட் சிலர் அதனை ஒலிநாடாவாக விலைகொடுத்து வாங்கினோம். பலர் நண்பரிடம் இரவல் பெற்று வெற்று நாடாவிற் பதிந்துகொண்டோம். நாடா தேய்ந்து, இறுவட்டு வந்து, இறுவட்டும் அருகிப்போன இந்நாளிலும் அதன் இரசிகர்களாகிய எம்மிடம் அத்தொகுப்பு அகலவில்லை.

றொக் இசைக்கும் எமக்கும் என்ன உறவு என வீட்டிலுள்ள பெரியோர் வினவுவர். அன்றும் வினவினார்கள். வினா நியாயமானதே. விடை கட்டுரையின் பிற்பகுதியில் உண்டு; அதுவரை பொறுத்தருள்க.

பீற்றர் கேப்ரியல் 1950 இல் இங்கிலாந்திற் பிறந்தவர். 1967 இல் பள்ளித் தோழர்களுடன் சேர்ந்து ‘ஜெனசிஸ்’ என்னும் இசைக்குழுவை அமைத்து, 1975 இல் அதிலிருந்து விலகித் தனிவழி சென்றார். தென்னாபிரிக்கச் சிறையில் வதைபட்டு 1977 இல் உயிர்நீத்த ஸ்டீவ் பீகோவுக்காக அவர் 1980 இற் பாடிய பாடல் உலகெங்கும் பரவியது. ஆசிய, ஆபிரிக்கக் கலைஞர்களை மேற்கின் மேடைகளுக்கு அழைக்கவேண்டும் என்ற வேட்கையோடு நண்பர்களுடன் சேர்ந்து 1982 இல் ‘வோமாட்’ என்னும் விழாவைத் தொடங்கினார். முதலாவது விழாவே பெருங்கடனில் முடிந்தது. அக்கடனை அடைக்க, விட்டு விலகிய பழைய குழுவோடு ஓரிரவு மீண்டும் மேடையேற நேர்ந்தது. 1986 இல் வெளிவந்த ‘சோ’ என்னும் தொகுப்பு அவரைப் பெரும்புகழுக்கு உயர்த்திற்று. அப்புகழின் உச்சியில் நின்ற ஒருவர் அடுத்து என்ன செய்வார் என எதிர்பார்த்தவர்களுக்கு ‘பஷன்’ பெரும் வியப்பைத் தந்தது. ஏனெனில், அதில் அவர் சொற்களோடு பாடிய பாடல் ஒன்றுதானும் இல்லை. அட்டையில் அவரது முகமும் இல்லை.

திரைப்படத்தைப் பற்றியும் சிறிது சொல்லியாகவேண்டும். கிரேக்க எழுத்தாளர் நிக்கோஸ் கசன்சாக்கிஸ் எழுதிய ‘கிறிஸ்துவின் இறுதிச் சோதனை’ என்னும் நாவலை 1954 இல் கத்தோலிக்கத் திருச்சபை தனது தடைநூற் பட்டியலிற் சேர்த்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி என்னும் அமெரிக்க இயக்குநர் அதனைப் படமாக்க 1983 இல் முயன்றார். எதிர்ப்புக் கிளம்பவே படநிறுவனம் பின்வாங்கியது. பின்னர் வேறொரு நிறுவனத்தின் துணையோடு, சொற்பச் செலவில், மொறோக்கோவிற் படப்பிடிப்பு நடந்தது. 1988 ஓகஸ்டில் படம் திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலஞ் சென்றனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் பரிஸ் நகரின் சென் மிசேல் பகுதியில் இப்படத்தைக் காட்டிய திரையரங்கு தீவைக்கப்பட்டுப் பலர் காயமுற்றனர். சிலி நாட்டில் நீண்ட காலம் தடை நீடித்து, வழக்கு அமெரிக்க நாடுகளின் மனிதஉரிமை நீதிமன்றம் வரை சென்று, 2001 இல் தீர்ப்பாயிற்று. எமது வாசகரிற் கணிசமானோர் கத்தோலிக்கர். அவர்கள் மனத்தை இப்படம் நோகச்செய்திருக்கலாம். அவ்விவாதத்துள் நாம் நுழையவில்லை. இசையைப் பற்றியதே எமது பேச்சு. ‘பஷன்’ என்னும் சொல் பெருவிருப்பையும் குறிக்கும், கிறிஸ்துவின் திருப்பாடுகளையும் குறிக்கும் என்பதை மட்டும் மனங்கொள்க.

படம் முடிந்தவுடன் இசைத்தட்டு வரவில்லை. படத்திற்கென அளவாக வெட்டிக் கொடுத்த துண்டுகள் கேப்ரியலுக்குப் போதவில்லை. மேலும் பல மாதங்கள் அவற்றை எடுத்து வளர்த்து, இருபத்தொரு பகுதிகள் கொண்ட, ஒரு மணிநேரத்திற்கு மேல் ஓடும் தனி நூலைப்போல ஆக்கியபின்னரே வெளியிட்டார். அவர் புதிதாக நிறுவிய ‘றியல் வேர்ல்ட்’ என்னும் வெளியீட்டகத்தின் முதல் வெளியீடு இதுவே. படத்தைக் காணாத எம்மில் எத்தனையோ பேருக்கு இந்த இசை தன்னளவில் முழுமையானதாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

தொடக்கப் பகுதியைக் கேளுங்கள். அடங்கிய, ஈரமான ஒரு குழலோசை தரையிலிருந்து எழுவதுபோல் எழும். அது ஆர்மேனியரின் ‘டுடுக்’. வாதுமைக்கு உறவான ஒரு பழமரத்தின் கட்டையிற் கடைந்து, நாணற் சீவாளி பொருத்தி ஊதுவது. ஒருவர் இராகத்தை வாசிக்க, அருகிருப்பவர் ஒரே சுருதியை மூச்சு விடாது பிடித்துக்கொண்டிருப்பார். எமது நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாச்சே ஹவுசெப்பியான் வாசிக்க, அந்திரானிக் அஸ்காரியான் ஒத்துப் பிடிக்கின்றார். ஒத்துக்காரரின் பெயரையும் தனியாக அச்சிட்டிருந்தார்கள் என்பது எம் கவனத்தைக் கவர்ந்தது. எமது திருவிழாத் துண்டுப்பிரசுரங்களில் ஒத்துக்காரரின் பெயர் வந்ததை நாம் கண்டதில்லை.

அந்தக் குழலின் மேல் எகிப்தியரான ஹொசாம் றம்சியின் தோற்கருவிகள் வந்து விழுகின்றன. பின்னுள்ள பகுதிகளில் ஈரானியரான மஹ்மூத் தப்ரீசி சாதேயின் கமாஞ்சா, துருக்கியரான குத்சி எர்குனரின் நே என்னும் நாணற்குழல், செனகல் நாட்டின் பாபா மாலினதும் யூசு உந்தூரினதும் குரல்கள், பிரேசில் நாட்டவரான ஜல்மா கொறேயாவின் தாளங்கள் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. லாசர் உயிர்த்தெழும் பகுதியில் கேட்பது குர்திய மக்களின் பழைய மெட்டு. நாடற்றுப்போன ஒரு மக்களின் மெட்டு, இறந்தவன் எழும் காட்சிக்கு வைக்கப்பட்டமை திட்டமிட்டதோ தற்செயலோ, எம்மை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைக்கின்றது.

தலைப்புப் பகுதியே தொகுப்பின் சிகரம் என்பது எமது துணிபு. சிலுவை சுமந்து செல்லும் காட்சிக்குரியது அது. பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் சொல்லெதுவுமின்றி ஓலமிட்டு உயர்கின்றார். ஆங்கிலத் தேவாலயப் பாடகர் குழுச் சிறுவனொருவனது போன்ற தெளிந்த குரல் அதன்மேல் மிதக்கின்றது. யூசு உந்தூரின் குரலும் வந்து சேர்கின்றது. சூஃபி அடியார்களின் சமாதிகளிற் பாடிப் பழகிய இஸ்லாமியக் குரலொன்று யேசுவின் கல்வாரிப் பயணத்திற்கு அழுததை மதவாதம் பேசுவோர் ஒருமுறையேனும் கேட்கவேண்டும். நுஸ்ரத் 1985 இல் வோமாட் விழாவிற் பாடியவர். 1997 ஓகஸ்டில், நாற்பத்தெட்டு வயதிலேயே மறைந்தார்.

இனி எம் கதைக்கு வருவோம்.

நாடாவோடு வந்த மடிப்புத்தாளை எம்மவர் ஒருவர் மின்விளக்கின் கீழ் விரித்து வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ‘சங்கர், இரட்டை வயலின்’ என்ற வரியைக் கண்டோம். சிதார் மேதை ரவிசங்கராக இருக்கலாம் என ஒருவர் சொன்னார். அல்ல. இவர் எல். சங்கர். கேப்ரியல் பிறந்த அதே 1950 இற் சென்னையிற் பிறந்தவர். தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசைக்கல்லூரியிற் பேராசிரியராகக் கடமையாற்றியமையால் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தனர். தாயார் சீதாலட்சுமி வீணை வாசிப்பவர். சங்கர் ஐந்து வயதில் வயலினைக் கையிலெடுத்தார். முதற் கச்சேரி ஏழு வயதில், ஈழத்துக் கோயிலொன்றிலே நிகழ்ந்தது.

1958 இற் கலவரம் வந்தது. தென்னிலங்கையிலிருந்து அகதிகளை ஏற்றிய கப்பல்கள் காங்கேசன்துறையில் வந்து தரித்த நாள்களை எமது மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அதனையடுத்து இலட்சுமிநாராயணரின் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது. சங்கருக்கு அப்போது எட்டு வயது. அண்ணன்மார் இருவரையும் தமிழுலகம் நன்கறியும். மூத்தவர் எல். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதி பாடல்களுக்கு இசையமைத்தவர். 2007 இற் காலமானார். மற்றவர் எல். சுப்பிரமணியம், உலகறிந்த வயலின் கலைஞர். ஸ்கோர்செசியின் படம் வந்த அதே 1988 இல் ‘சலாம் பொம்பே’ படத்திற்கு இசை தந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் வில் பிடிக்கப் பழகிய இரு சகோதரரின் இசை ஒரே ஆண்டில் உலகத் திரைகளில் ஒலித்தது என்பதை அன்று எம்மில் எவரும் அறிந்திருக்கவில்லை.

பக்கவாத்தியமாய்ப் பின்னிருந்த வயலினை முன்னிருத்தித் தனிக் கச்சேரிக்கு உரியதாக்கவேண்டும் என்பது தந்தையாரின் வாழ்நாட் கனவு. சங்கர் அதனை இன்னொரு படி கொண்டுசென்றார். 1969 இல் அமெரிக்கா சென்று, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையாராய்ச்சியிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஜோன் மக்ளாக்லின், சாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். பின்னர் ஒரே உடலில் இரண்டு கழுத்தும் பத்து நரம்புகளும் கொண்ட மின்வயலினை வடிவமைத்து, கென் பார்க்கர் என்னும் கிற்றார் செய்யும் அமெரிக்கரைக்கொண்டு 1980 இற் செய்வித்தார். ஒரு கழுத்திற் கீழ்ச்சுருதி, மறுகழுத்தில் மேற்சுருதி. வயலின் முதல் டபிள் பேஸ் வரை நரம்புக்கருவிக் குடும்பம் முழுவதன் எல்லையும் ஒருவர் மடியில் அடங்கிற்று. கேப்ரியலின் தொகுப்பில் வயலினா, மனிதக் குரலா எனப் பிரித்தறிய முடியாதவாறு ஒரு கமகம் வழுக்கிச் செல்லும் இடங்கள் உண்டு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது அவ்விடத்தை உடனே இனங்காணும்.

ஆகவே ‘எங்கட ஆள்’ என்று நாம் துள்ளினோம். துள்ளியது சரியா என்பதை இன்று நிதானித்து நோக்கவேண்டியுள்ளது. உலகில் எவர் புகழ்பெற்றாலும் அவருக்கு ஊரும் உறவும் தேடி உரிமை கோருவது எமது பழக்கம். சங்கர் சென்னைக்காரர். அவர் எமது ஊரிற் கழித்தது சில ஆண்டுகளே. ஆயினும் அந்த ஆண்டுகளே கையும் காதும் பழகிய ஆண்டுகள். அவற்றை முடித்துவைத்தது எம்மை முடித்துவைத்த அதே வகைக் கொடுமையின் முதற் பேரலை. எமது மண் ஒரு வித்துவானின் வீட்டைக் காத்துவைத்திருக்க இயலாமற் போனது என்பதே இதிலிருந்து நாம் கோரக்கூடிய உரிமை. அது பெருமைக்குரியதன்று.

கேப்ரியல் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பல நாட்டு ஏழைக் கலைஞர்களின் இசையை எடுத்துத் தன் பெயரில் விற்றார் என்று மேற்கின் விமரிசகர் சிலரே எழுதினர். ‘பஷன்’ அட்டையில் ஒருவர் பெயர்தான் உள்ளது என்பது மெய். இத்தொகுப்பு 1990 இற் கிறம்மி விருது பெற்றபோதும் அப்பெயருக்கே பெற்றது. அதுவும் ‘புதுயுக இசை’ என்னும், எதற்குள்ளும் அடங்காதவற்றைப் போட்டுவைக்கும் பிரிவில்! நூற்றாண்டுகள் பழைமையான மெட்டுகளுக்குப் புதுயுகம் என்று பெயரிட்ட நடுவர்களை என்னென்பது?

ஆனால், அதே 1989 இல் கேப்ரியல் இரண்டாவதாக இன்னொரு தொகுப்பையும் வெளியிட்டார். ‘பஷன்’ எங்கிருந்து பிறந்ததோ அந்த மூல இசைகளை, அந்தந்த நாட்டுக் கலைஞர்கள் தம் பெயரிலேயே வாசித்தபடி, தொகுத்துத் தந்தார். எடுத்த இடத்தை மறைக்க நினைப்பவர் அதனைச் செய்யமாட்டார். நுஸ்ரத்தின் தனித் தொகுப்பொன்றும் அவ்வாண்டிலேயே அதே வெளியீட்டகத்திலிருந்து வந்தது. எம்மிற் பலர் முதலில் அட்டையிலிருந்த ஆங்கிலப் பெயருக்காக வாங்கி, பின்னர் உள்ளிருந்த பெயர்களைத் தேடிச் சென்றவர்களே. குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எனினும், எம்மைப் பொறுத்தவரை தராசு கேப்ரியலின் பக்கமே தாழ்கின்றது.

1993 இல் கேப்ரியலின் உலகப் பயணத்தில் சங்கரும் மேடையில் நின்றார். இத்தாலியின் மொடேனா நகரில் ஒளிப்பதிவாகிய அந்நிகழ்ச்சியை எம்மிற் பலர் வீடியோ நாடாவிற் கண்டோம். இரட்டைக் கழுத்து வயலினைத் தாங்கியபடி பாடவும் செய்தார். 2004 இல் மெல் கிப்சன் எடுத்த ‘கிறிஸ்துவின் பாடுகள்’ படத்தின் இசையிலும் சங்கரின் வயலினும் குரலும் உண்டு. ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரண்டு யேசு படங்களிலும் ஒரே வில்!

தொகுப்பின் பத்தாவது பகுதிக்கு ‘திறந்தது’ என்று பொருள்படும் தலைப்பு. அளவிற் சிறியது. முரசுகள் இல்லை, ஆரவாரம் இல்லை. படத்தை மறந்துவிட்டு, விளக்கையணைத்து, ஒருமுறை கேளுங்கள். இசையமைத்தோர் என மடிப்புத்தாளில் அதற்கெதிரே இரண்டு பெயர்கள் உள்ளன: கேப்ரியல், சங்கர்.